பர்மா நிலநடுக்கம்: கீழக்கரையில் இருந்துகொண்டு சில நாட்கள்

மார்ச் 28, 2025, வெள்ளி

ராத்திரி லைலத்துல் கத்ரு, ரமலானின் புனித இரவு, விடியும்வரை பள்ளிவாசலில்தான். தூங்கி எழுந்து ஜும்ஆவுக்குக் கிளம்புகிற நேரத்தில் பாங்காக்கிலிருந்து மச்சானின் குரல் பதிவு: "எல்லாரும் நல்லா இருக்கோம், பயப்படாதீங்க." என்ன நடந்தது என்றே தெரியாததால் அதைக் கேட்டுத்தான் பயமே வந்தது. தொழுதுவிட்டு வந்து டிவி பார்த்த பிறகுதான் விவரம். மியான்மரில் 7.7, மாண்டலேக்குப் பக்கத்தில், நம் நேரம் 11:50.

நோன்பு திறந்த பிறகு மச்சானோடு பேச முடிந்தது. சிலோம் ரோட்டில் கல் வியாபாரம் அவருக்கு. மேசையில் பிரித்து வைத்திருந்த மாணிக்கக் கல் தானாக நகர்ந்ததாம், நோன்பு மயக்கம் என்று முதலில் நினைத்தாராம். சுவரில் விரிசல் விட்டதும் கட்டிடமே காலியாகி ஓடுகிறது, இவர் கல்லையெல்லாம் வாரிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படியிறங்கியிருக்கிறார். கீழக்கரைக்காரர் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா! ரயில் ஓடாததால் வீட்டுக்கு நடை. மையத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில், கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேற்பட்ட கட்டிடம் சில விநாடியில் உட்கார்ந்துவிட்டது. பாங்காக்கின் அடியில் இருப்பது களிமண், தூரத்து அதிர்வையும் பெரிதாக்கிவிடும்.

அதற்குள் ஊர் வாட்ஸ்அப்பில் 'பாம்பனில் கடல் உள்வாங்கியது'. எங்கே பூமி ஆடினாலும் இந்தப் படம் வந்துவிடும். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இங்கே கடல் அடிக்கடி உள்வாங்குவதுதான். இது தரைக்குள் நடந்தது, அதுவும் மியான்மரின் நடுவே ஓடுகிற சகாயிங் நிலப்பிளவில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தது, கடலுக்கு இதில் வேலையே இல்லை. எழுதிப் போட்டேன், யார் படித்தார்கள்?

மார்ச் 29

பெரியம்மா மாண்டலேயில் பிறந்தவர். 64-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்று. காலையிலிருந்து என் போனைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார், ஏதாவது தெரு தெரிகிறதா என்று. பூமி ஆடியபோது அங்கே மதியம் 12:50, ரமலானின் கடைசி ஜும்ஆ. பள்ளிவாசலெல்லாம் நிறைந்திருந்த நேரம். மாண்டலேக்கு அக்கரையில் இருக்கிற சகாயிங் ஊரில் மியோமா பள்ளிவாசல் விழுந்த செய்தி வந்தபின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இறந்தவர்கள் 1,644 என்று ராத்திரி சொன்னார்கள். இது நிற்கிற எண்ணிக்கை இல்லை.

நம் விமானப்படை விமானம் கூடாரம், போர்வை, மருந்து என்று 15 டன்னோடு யாங்கோன் போய்விட்டது. தேசியப் பேரிடர் மீட்புப் படையில் 80 பேர், ராணுவத்தின் களமருத்துவமனை 118 பேர். வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் படங்களில் கல்லைப் புரட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், கையில் கடப்பாரைகூட இல்லை. சகாயிங் போகிற பழைய ஆவா பாலமும் ஐராவதி ஆற்றில் விழுந்து கிடக்கிறது. பாலம் போனால் என்ன ஆகும் என்பதை 64 புயலைப் பார்த்த ராமேஸ்வரத்துக்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

மார்ச் 31, பெருநாள்

தொழுகை முடிந்ததும் பர்மாவுக்கு என்று வசூல். அது சரி. பிறகு இளைஞர்கள் சிலர் துணி சேகரிக்கலாம் என்றார்கள், அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம். சுனாமியின்போது இலங்கை மறைத்து நின்றதால் நம் கரை பெரும்பாலும் தப்பியது, அதனால் நாகப்பட்டினத்துக்கு இங்கிருந்து வேன் வேனாகப் போனோம். போன இடத்தில் சாலையோரம் பழைய துணி மலை மலையாகக் கிடந்ததும், மழையில் நனைந்து நாறியதும், அதை அள்ளிப் போடவே தனியாக ஆள் வைத்ததும் இன்னும் கண்ணில் இருக்கிறது. வீட்டைப் பறிகொடுத்தவனிடம் பொத்தான் இல்லாத சட்டையை நீட்டினால் அவன் என்ன சொல்வான்? அப்புறம், இங்கே கட்டுகிற மூட்டை மாண்டலே போய்ச் சேர எத்தனை கை மாற வேண்டும்! பணமாகவே அனுப்புவோம், அங்கிருப்பவர்கள் அங்கேயே வாங்கட்டும் என்றேன். "நீங்க எல்லாத்துக்கும் குறுக்கே நிக்கிறீங்க காக்கா" என்றான் ஒருவன். (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.) கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

ஏப்ரல் 2

நேற்று ராத்திரி ஷான் மாநிலத்தில், நிவாரணத்தோடு போன சீன செஞ்சிலுவைச் சங்க வண்டிகளை நோக்கி ராணுவம் சுட்டிருக்கிறது. எச்சரிக்கைக்காகச் சுட்டோம் என்கிறார்கள். நிலம் ஆடி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இது. கிளர்ச்சிப் படைகளோடு நடக்கிற உள்நாட்டுப் போரில் இன்று ராத்திரிதான் ராணுவம் சண்டை நிறுத்தம் அறிவித்தது. சகாயிங்கில் பாதி இடம் யார் கையில் என்றே சண்டை, அங்கே மருந்துப் பெட்டி எந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டும்?

நல்ல செய்தி ஒன்று உண்டு. தலைநகர் நேபிடோவில் ஓட்டல் இடிபாட்டுக்குள்ளிருந்து 26 வயதுப் பையனை உயிரோடு எடுத்திருக்கிறார்கள். பெரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஏப்ரல் 6

இன்று பாம்பன் புதுப் பாலத் திறப்பு. பிரதமர் வருகை, மண்டபம் பக்கம் தலைகாட்ட முடியாது. நான் போகவில்லை.

மச்சானுக்குத் தெரிந்த யாங்கோன் வியாபாரி ஒருவர் மூலம் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. தார்ப்பாய் வாங்கி லாரி பிடித்து அனுப்பியிருக்கிறார், ரசீதைப் படமெடுத்துப் போட்டார், ஜமாஅத் நோட்டில் ஒட்டியாயிற்று. இத்தனை நாள் நாற்பது டிகிரி வெயிலில் தெருவில் கிடந்தவர்கள் மேல் இப்போது மழையும் காற்றும் அடிக்கிறதாம், தார்ப்பாய் போதவில்லை என்கிறார். "கொசுவலை கேளு, மழை பெஞ்சா அங்கே கொசு தின்னுடும்" என்று பெரியம்மா. கேட்டேன். அதுதான் அடுத்த தேவையாம், மாண்டலேயில் விலை ஏறிவிட்டதால் யாங்கோனிலேயே வாங்கப் பார்க்கிறார். இஷா தொழுகைக்கு அப்புறம் ஜமாஅத்தில் பேச வேண்டும், இரண்டாவது வசூலுக்கு எத்தனை பேர் தேறுவார்கள் என்று பார்க்கலாம்.