நான்கு கரண்டிகள்

இரண்டு நாளாக ஒரே ஒரு கப்பல்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. சைப்ரஸ் தீவின் கைரீனியாவுக்கு அருகே, 1965இல் அந்த ஊர் முக்குளிப்பாளர் ஆண்ட்ரியாஸ் கரியோலு கடலுக்கடியில் கண்ட கிரேக்கச் சரக்குக் கப்பல். மூழ்கி ஏறக்குறைய 2300 வருடம் ஆகிறது.

பெரிய கப்பல் இல்லை. நீளம் சுமார் 14 மீட்டர். உள்ளே கிட்டத்தட்ட 400 சாடிகள், பெரும்பாலும் ரோட்ஸ் தீவுச் சாடிகள். மாவரைக்கும் கற்கள், அப்புறம் ஆயிரக்கணக்கில் பாதாம். சாக்கு மக்கிப்போயும் பாதாம் ஓடு மக்கவில்லை!

கட்டிய விதம்தான் அபாரம். இன்று மரப்படகு கட்டுபவர்கள் பெரும்பாலும் முதலில் விலாக்களை, அதாவது விலா எலும்பு போன்ற உள்சட்டங்களை, நிறுத்திவிட்டு மேலே பலகை அடிப்பார்கள். இவர்கள் பலகையில் தொடங்கியிருக்கிறார்கள். பைன் பலகையின் விளிம்பில் துளை வெட்டி, மரநாக்கைச் செருகி, அடுத்த பலகையை அதன்மேல் இறக்கி, மர ஆணியால் இறுக்கினார்கள். கப்பலின் வெளி ஓடு உருவான பிறகே உள்ளே விலா. கப்பலுக்கு வயதான பிறகு வெளிப்புறம் முழுக்க ஈயத் தகடு போர்த்தி மேலும் ஓட்டியிருக்கிறார்கள். எத்தனை முறை பழுது பார்த்தார்கள் என்பதற்கும் மரத்திலேயே தடயம் இருக்கிறது.

அதே முறையில் 1980களில் கிரீஸில் ஒரு நகலைக் கட்டி, ஒற்றைச் சதுரப் பாயோடு சைப்ரஸ் வரை ஓட்டியும் காட்டினார்கள்.

போர்க்கப்பல்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். மத்தியதரைக் கடலுக்குச் சோறு போட்டவை இந்தச் சின்னக் கப்பல்கள்தான் என்பேன்.

இதில் கிடைத்தவை நான்கு மரக்கரண்டி, நான்கு எண்ணெய்க் குடுவை, நான்கு கோப்பை. நான்கு பேர் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.