லேப்டாப் பேசாமப் போன கதை – நாட்குறிப்பு

2024 மார்ச் 9, சனி

காலைல எங்க தெரு அண்ணன் போன் பண்ணார், "தம்பி, லேப்டாப் பேச மாட்டேங்குதுப்பா, ஆன் ஆகுதா இல்லையான்னே தெரியல, ஃபேன் மட்டும் ஓடுது, கொஞ்சம் வந்துட்டு போயேன்"னார். அவர் கவர்மென்ட் ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுக்கிறவர், பிறவியிலேயே பார்வை கிடையாது. லேப்டாப்ல ஓடறது டெபியன் 12ங்கற லினக்ஸ், டெஸ்க்டாப் க்னோம், அதுல ஸ்கிரீன்ல இருக்கறத வாசிச்சுக் காட்டற ஓர்கா ஸ்கிரீன் ரீடர், குரலுக்கு ஈஸ்பீக்-என்ஜி. தமிழும் இங்கிலீஷும் அதுவே வாசிக்கும். நமக்கு சவுண்ட் போச்சுன்னா பாட்டு கேக்க முடியாது, அவ்வளவுதான். அவருக்கு சவுண்ட் போனா ஸ்கிரீனே போன மாதிரி. ரிப்பேர் பண்ண மெனுவ திறக்கணும்னாகூட அந்தக் குரல் வேணும்.

போய் விசாரிச்சா விஷயம் இதுதான். பழைய லேப்டாப்போட மதர்போர்டு போயிடுச்சு, செகண்ட் ஹேண்ட்ல இன்டெல் 11-வது ஜெனரேஷன் மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கார், கடையிலேயே பழைய எஸ்எஸ்டிய கழட்டி இதுல மாட்டிக் கொடுத்துட்டாங்க. லினக்ஸ்ல இது ஒரு பெரிய வசதி, வேற மெஷின்ல மாட்டினாலும் பெரும்பாலும் அப்படியே பூட் ஆயிடும். வைஃபை, கீபோர்டு, டச்பேட் எல்லாம் வேலை செய்யுது, சவுண்ட் மட்டும் இல்ல. செட்டிங்ஸ்ல சவுண்ட் பக்கத்த திறந்தா அவுட்புட் டிவைஸ்ல "டம்மி அவுட்புட்"னு ஒரே ஒரு வரி. வால்யூம் கம்மியா இருக்கறது, மியூட்ல இருக்கறது வேற கேஸ். டம்மின்னு வந்தா சிஸ்டம் கைல சவுண்ட் கார்டே கிடைக்கலன்னு அர்த்தம், சும்மா ஒப்புக்கு ஒண்ண வச்சிருக்கு.

என் பேக்ல எப்பவும் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடக்கும், சில நூறு ரூபாய் சமாச்சாரம். அத சொருகி இயர்போன மாட்டி அவர் காதுல வச்சேன், சூப்பர்-ஆல்ட்-எஸ் அழுத்தி ஓர்காவ ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் "ஆங், வந்துருச்சு வந்துருச்சு"ன்னு கைய பிடிச்சுக்கிட்டார். இந்த மாதிரி கார்டுக்கு தனியா எதுவும் போட வேணாம், கெர்னல்ல, அதாவது லினக்ஸோட மையப் பகுதியில, இருக்கற பொதுவான யூஎஸ்பி ஆடியோ டிரைவரே போதும்.

இது தற்காலிக வழி மட்டும் இல்ல, பாதி டயக்னோசிஸ் இதுலயே முடிஞ்சுது. ஓர்கா பேசுது, அது சொல்றத குரல் எஞ்சினுக்கு அனுப்பற ஸ்பீச் டிஸ்பாட்சர் ஓடுது, சத்தத்த சவுண்ட் கார்டுக்கு கொண்டு போற பைப்வயர் ஓடுது. மேல இருக்கற எல்லாம் நல்லா இருக்கு, கோளாறு கீழ, கெர்னலுக்கும் மதர்போர்டுல இருக்கற ஆடியோவுக்கும் நடுவுல எங்கயோ. நெட்ல தேடினா முதல்ல வர்ற யோசனை பைப்வயர அன்இன்ஸ்டால் பண்ணு, அதுக்கு பதிலா பழைய பல்ஸ்ஆடியோ போடு, கான்ஃபிக் ஃபோல்டர அழின்னு தான் இருக்கும். இங்க அத செஞ்சிருந்தா நல்லா இருக்கற பாகத்தையும் கெடுத்து, மனுஷனுக்கு கிடைச்ச குரலையும் பிடுங்கினதா ஆயிருக்கும்.

2024 மார்ச் 10, ஞாயிறு

இன்னைக்கு நேர்ல போகல, போன்லயே. யூஎஸ்பி கார்டு இருக்கறதால டெர்மினல்ல அவரே டைப் பண்றார், ஓர்கா வாசிக்குது, நான் ஸ்பீக்கர் போன்ல கேக்கறேன். கைல நல்ல வேகம் அவருக்கு.

முதல்ல மெஷினுக்குள்ள இருக்கற ஹார்டுவேர லிஸ்ட் போடற எல்எஸ்பிசிஐ கமாண்ட், டிரைவர் பேரையும் சேத்து காட்டற ஆப்ஷனோட. மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்னு இன்டெல் டைகர் லேக் (அந்த 11-வது ஜெனரேஷனோட பேர்) வரி வந்துது, அதுக்கு கீழ டிரைவர் சோஃப்-ஆடியோ-பிசிஐ-இன்டெல்-டிஜிஎல். சரி, ஹார்டுவேர் கண்ணுக்கு தெரியுது, சரியான டிரைவரும் வந்து உக்காந்திருக்கு. அடுத்து சவுண்ட் கார்டுகள லிஸ்ட் போட ஏபிளே, சின்ன எல் ஆப்ஷன். யூஎஸ்பி கார்ட தவிர வேற எதுவும் லிஸ்ட்ல இல்ல. டிரைவர் வந்திருக்கு ஆனா கார்டு பிறக்கல, அப்போ நடுவுல என்ன நடந்துதுன்னு கெர்னலத்தான் கேக்கணும்.

கெர்னல் லாக்க காட்டற டிமெசேஜ் கமாண்டுக்கு டெபியன்ல சூடோ, அதாவது அட்மின் அனுமதி, வேணும், இல்லன்னா பர்மிஷன் இல்லன்னுடும். சோஃப்னு வர்ற வரிய மட்டும் கிரெப் பண்ணச் சொன்னேன். ஓர்கா இங்கிலீஷ் லாக்க மூச்சு விடாம வாசிக்க, நடுவுல அவரே நிறுத்தினார். "தம்பி, இங்க ஃபெயில்ட் டு லோட்னு சொல்லுது, சோஃப்-டிஜிஎல் டாட் ஆர்ஐ, அப்புறம் மைனஸ் டூ." நான் தேடினதும் அந்த வரிதான். கெர்னல் மொழியில மைனஸ் ரெண்டுன்னா கேட்ட ஃபைல் அந்த இடத்துல இல்ல, வேற ஒண்ணும் இல்ல. ஹார்டுவேர் கெடல, டிரைவர் கெடல, டிஸ்க்ல ஒரு ஃபைல் இல்ல.

ஏன் இல்லன்னா, பழைய லேப்டாப் ஹாஸ்வெல், அதாவது இன்டெல் 4-வது ஜெனரேஷன், காலத்து மெஷின். அதுல ஆடியோ சிப்போட கெர்னல் நேரா பேசும், பழைய ஹெச்டிஏ டிரைவரே போதும். இப்ப வர்ற இன்டெல் லேப்டாப்ல சிப்செட்டுக்குள்ளயே தனியா ஒரு டிஎஸ்பி, சத்தத்துக்குன்னே ஒரு குட்டி பிராசசர், உக்காந்திருக்கு, ஸ்கிரீனுக்கு மேல இருக்கற டிஜிட்டல் மைக்கெல்லாம் அதோடதான் கோத்திருக்கு. பூட் ஆகும்போது அந்த டிஎஸ்பிக்குள்ள சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர்ங்கற ஃபைல கெர்னல் ஏத்தணும், அதத்தான் சோஃப்ங்கறோம். பழைய மெஷினுக்கு அது தேவைப்படாததால எஸ்எஸ்டில அந்த பேக்கேஜே கிடையாது. மெஷின் மாறிடுச்சு, எஸ்எஸ்டி இன்னும் பழைய மெஷினுக்கு உண்டானதோடவே நிக்குது.

இதுக்கு நடுவுல தெரிஞ்ச பையன் ஒருத்தன் மெசேஜ்ல, "மாட்புரோப் ஃபைல்ல டிஎஸ்பி டிரைவர் ஈக்வல் 1னு ஒரு வரி போடுங்கண்ணா, ரீபூட் பண்ணா சவுண்ட் வந்துரும்"னான். வந்துரும், பொய் இல்ல. அந்த வரி டிஎஸ்பிய ஒதுக்கிட்டு பழைய ஹெச்டிஏ டிரைவரையே கட்டாயப்படுத்தும், நிறைய லேப்டாப்ல ஸ்பீக்கர் பேச ஆரம்பிச்சிடும். ஆனா டிஜிட்டல் மைக் டிஎஸ்பி வழியாத்தானே வருது, அத ஒதுக்கினா மைக்கும் சேந்து போயிடும். அண்ணன் பாடத்த எல்லாம் தன் குரல்ல ரெக்கார்டு பண்ணி பார்வையில்லாத பிள்ளைங்களுக்கு அனுப்பறவர், அவருக்கு ஸ்பீக்கர் வந்து மைக் போனா அது எப்படி ரிப்பேர் ஆகும்? வேண்டாம்னுட்டேன்.

நேனோ எடிட்டர்ல, பேக்கேஜ எங்கேந்து எடுக்கணும்னு டெபியனுக்கு சொல்ற சோர்சஸ்.லிஸ்ட் ஃபைல திறந்து, மெயின்ங்கற வார்த்தைக்கு அப்புறம் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் இருக்கான்னு பாக்கச் சொன்னேன். நான்-ஃப்ரீ மட்டும் இருக்கு, டெபியன் 11-லேந்து 12-க்கு அப்கிரேட் பண்ண சிஸ்டம் போல. சேத்தார். ஏபிடி அப்டேட், அப்புறம் ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்ட் இன்ஸ்டால், ரீபூட்.

ரீபூட் முடிஞ்சும் குரல் இயர்போன்லதான் வந்துது. பயப்படாதீங்கண்ணே, எந்த டிவைஸ்ல சத்தம் போகணும்னு பைப்வயருக்கு சொல்ற வயர்பிளம்பர், கடைசியா பழகின டிவைஸ ஞாபகம் வச்சிருக்கும், யூஎஸ்பிய உருவுங்கன்னேன். உருவினார். போன் வழியா எனக்கே கேட்டுது, லேப்டாப் ஸ்பீக்கர்ல அந்த ஈஸ்பீக் குரல். சிரிச்சார் பாருங்க, ரொம்ப நேரம் சிரிச்சார். உடனே மைக்கையும் டெஸ்ட் பண்ணச் சொன்னேன், ரெக்கார்டு ஆகி திரும்ப ஓடுது.

2024 மார்ச் 12, செவ்வாய்

அண்ணனுக்கு இப்ப பப்ளிக் எக்ஸாம் வேலை, பேச நேரம் இல்ல. எனக்குத்தான் ஒரு விஷயம் மனசுல ஓடிட்டே இருக்கு.

சோஃப்போட சோர்ஸ் கோடு திறந்ததுதான், யார் வேணா படிக்கலாம், மாத்தலாம். இன்டெல் 2018-ல வெளியிட்டாங்க. ஆனா கடையில வாங்கற லேப்டாப்ல பெரும்பாலும் இன்டெல் சாவியால கையெழுத்து போட்ட பைனரிய மட்டும்தான் டிஎஸ்பி ஏத்துக்கும். நாமளா கம்பைல் பண்ணத கொடுத்தா ஏறாது. பேக்கேஜ் பேர்ல சைன்ட்னு இருக்கறதும், டெபியன் அத மெயின்ல, அதாவது முழுக்க ஃப்ரீ சாஃப்ட்வேர் மட்டும் இருக்கற பிரிவுல, வைக்காததும் இதனாலதான்.

முன்னாடி டெபியன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலர்ல இந்த மாதிரி ஃபர்ம்வேர் எதுவுமே வராது. 2022-ல டெவலப்பர்ஸ் ஓட்டு போட்டு முடிவ மாத்தினாங்க, 2023 ஜூன்ல வந்த 12-லேந்து அதுக்குன்னு தனி பிரிவு, இன்ஸ்டாலர்லயும் சேத்தாச்சு. கொள்கையில உறுதியா நின்னவங்கமேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இந்த முடிவு சரின்னு நான் உறுதியா சொல்வேன். டெபியன் இன்ஸ்டாலர் மெனுல எஸ் அழுத்தி என்டர் தட்டினா பேசிக்கிட்டே இன்ஸ்டால் ஆகும், பார்வையில்லாதவங்க யார் துணையும் இல்லாம தானே போட்டுக்கலாம். அவ்வளவு நல்ல ஏற்பாட்ட பண்ணி வச்சுட்டு, சவுண்ட் கார்ட எழுப்பற ஃபைல மட்டும் வெளிய வச்சா அந்த எஸ் எதுக்கு?

2024 மார்ச் 16, சனி

புதுசா ஒரு தொந்தரவு, இதுதான் எனக்கு ரொம்ப கவலையா இருந்துது. குரல் வருது, ஆனா கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு கீய தட்டினா முதல் எழுத்து ஒண்ணு ரெண்டு முழுங்கிடுது. நமக்கு இது கவனத்துலயே படாது. அவர் இன்டர்னல் மார்க் ஷீட்ட சரி பாத்துட்டு இருந்தார், நானும் பக்கத்துல உக்காந்து கேட்டேன். செல்லுல எழுபது, ஓர்கா "பது"ங்குது. கீழ அறுபது, அதுவும் "பது". பேச்சு வேகத்த கூட்டி வச்சிருக்கார், அரை நொடி போனாலே பாதி வார்த்தை போயிடும். ஒவ்வொரு செல்லுக்கும் மேல போய் கீழ வந்து ரெண்டாவது தடவ கேட்டுட்டு இருக்கார் மனுஷன்.

காரணம் என்னன்னா, அஞ்சு நொடி எந்த சத்தமும் ஓடலன்னா வயர்பிளம்பர் அந்த அவுட்புட்ட தூங்க வச்சிடும், பவர் மிச்சம் பண்ண. அடுத்த வார்த்தை வரும்போது கார்டு எழுந்திரிக்கறதுக்குள்ள முதல் எழுத்து ஓடிப் போயிடுது. டெபியன் 12-ல இருக்கறது வயர்பிளம்பர் 0.4, அதுக்கு செட்டிங் லூவாங்கற ஸ்கிரிப்ட் மொழி ஃபைல்ல எழுதணும். ஹோம்ல டாட் கான்ஃபிக் உள்ள வயர்பிளம்பர், அதுக்குள்ள மெயின்.லூவா.டி ஃபோல்டர், அதுல 51-னு ஆரம்பிக்கற ஒரு ஃபைல், உள்ள அல்சா மானிட்டர் ரூல்ஸ்ல ஒரு விதி, செஷன் சஸ்பெண்ட் டைம்அவுட் செகண்ட்ஸ் பூஜ்யம். வயர்பிளம்பர ரீஸ்டார்ட் பண்ணோம். எழுபது எழுபதாவே வந்துது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம்ணேன்னு சொன்னேன், "இறங்கட்டும்பா, பசங்க மார்க் முக்கியம்"னார்.

2024 மார்ச் 21, வியாழன்

லாகின் ஸ்கிரீன்ல மட்டும் குரல் ரொம்ப சன்னமா இருக்கு, காத கிட்ட கொண்டு போனாத்தான் கேக்குது, உள்ள போனா நல்லா இருக்குன்னார். லாகின் ஸ்கிரீன் தனி யூசரா ஓடறது, அதுக்குன்னு தனி சவுண்ட் செஷன், தனி வால்யூம். நம்ம அக்கவுண்ட்ல கூட்டினது அங்க போகாது. லாகின் ஸ்கிரீன்லயே நின்னு வால்யூம் கீய அழுத்தி கூட்டச் சொன்னேன், சரியாயிடுச்சு.

இன்னொண்ணு சொல்லி வச்சிருக்கேன். வயர்பிளம்பர் 0.5 வந்தாச்சு, அது பழைய லூவா கான்ஃபிக்க படிக்காது, .கான்ஃப் ஃபைலா மாத்தி எழுதணும். டெபியன் 12 ஓடற வரைக்கும் கவலை இல்ல, அடுத்த வெர்ஷனுக்கு போகும்போது திரும்ப "பது"ன்னு கேட்டா என்னைய கூப்பிடுங்கண்ணே, அதுவரைக்கும் அந்த யூஎஸ்பி கார்டு உங்க பேக்லயே இருக்கட்டும்னேன். ஞாயித்துக்கிழமை முதல் பாடம் ரெக்கார்டு பண்றாராம், ஃபேன் சத்தம் மைக்ல விழுதான்னு கேட்டுச் சொல்ல வரச் சொல்லியிருக்கார்.