பெர்மாகல்ச்சர் சான்றிதழ்த் தேர்வு: செடியை வரையும் முன் வால்வை வரையுங்கள்

பெர்மாகல்ச்சர் (இயற்கையைப் பின்பற்றி வீட்டையும் தோட்டத்தையும் திட்டமிடும் முறை) வடிவமைப்புச் சான்றிதழ் முடிவு போன வாரம் வந்தது. தேறிவிட்டேன். எழுத்துத் தாளில் சுமார்தான். சாம்பல் நீரை, அதாவது குளியல், துவையல் போன்ற வீட்டுத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடும் வரைபடமும், அதைப் பற்றிய நேர்முகமும் கரை சேர்த்தன. அடுத்த தொகுதியில் சேர்ந்திருக்கும் காட்பாடி, ராணிப்பேட்டை நண்பர்கள் கேட்டதால் எழுதுகிறேன். 72 மணி நேரப் பாடத்தில் என்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

எங்கள் தொகுதியில் நேர்முகம் எல்லோர் முன்னிலையிலும்தான் நடந்தது. எனக்கு முன்னால் போனவரின் தாளைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வாழை வட்டம் (நடுவில் குழி, சுற்றிலும் வாழை), மூலிகைச் சுருள் (சுருளாக ஏறும் மூலிகைப் பாத்தி), கோழிக்கூடு, தேனீப் பெட்டி, எல்லாம் வண்ணப் பென்சிலில். தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஐப்பசி அடைமழையில் இந்தக் குளியல் தண்ணீர் எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டார். வரைந்தவரிடம் பதில் இல்லை. குழி ஏற்கெனவே மழைநீரால் நிரம்பியிருக்கும்போது வீட்டுத் தண்ணீரும் அதற்குள்ளேயே வந்தால், வாழை வேர் அழுகும், கொசு பெருகும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

என் தாளில் செடிகள் வெறும் வட்டங்கள். ஆனால் குளியலறைச் சுவரைத் தாண்டி வெளியே வரும் குழாயில் முதலில் இருந்தது ஒரு மூன்று வழி வால்வு. ஒரு வாய் தோட்டத்துக்கு, மறு வாய் பாதாளச் சாக்கடைக்கு. எந்த நாளில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் ஓரத்தில் எழுதியிருந்தேன். அடைமழை நாட்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு. குழந்தையின் அழுக்குத் துணி அலசும் நேரம். தலைக்குச் சாயம் போட்ட நாள். எல்லாவற்றுக்கும் மேலாக, குளியலறை கழுவும் நாள்: உப்புத் தண்ணீர்க் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்ப்பது நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. அந்த வரியைப் படித்ததும் தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் வேறு காரணம் சொல்லலாம். என்னைக் கேட்டால் நான் தேறியது அந்த வால்வினால்தான்.

அடுத்தது வாட்டம், அதாவது குழாயின் சரிவு. சாம்பல் நீர்க் குழாய்க்கு நூற்றுக்கு இரண்டு சரிவு வேண்டும் என்று எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். பத்தடிக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம் என்று மாற்றிச் சொல்லத் தெரிய வேண்டும். தாளில் சரியாக வந்தது வீட்டில் வராது என்பதும் தெரிய வேண்டும். எங்கள் கொத்தனார் டியூப் லெவலின் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) ஒரு முனையைக் குளியலறை வாசலில் என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையோடு தெரு வாசலுக்குப் போனார். குமிழி போகட்டும் என்று குழாயைச் சுண்டிவிட்டுப் பார்த்தவர், "அக்கா, தெரு உங்கள் வீட்டைவிட உயரத்தில் இருக்கிறது. முன்பக்கம் தண்ணீர் ஓடாது" என்றார். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதன் விளைவு. முன்வாசலில் திட்டமிட்ட தோட்டம் அன்றைக்கே பின்கட்டுக்கு, துவைக்கிற கல் பக்கம் போயிற்று. பழைய வீடுகளில் சலதாரை முடியும் இடத்தில் வாழையும் சேம்பும் கல்வாழையும் நின்றதும் அங்கேதான். டியூப் லெவல் பிடித்துப் பார்க்காமல் வரைபடத்தில் அம்புக்குறி போடாதீர்கள்.

கணக்குக்கு வருகிறேன். பாடநூலில் தண்ணீர்ச் செலவு ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர்: குளியல் 55, துவையல் 20, பாத்திரம் 10, வீடு கழுவ 10, கழிவறை 30, சமையலும் குடிப்பதும் 5 + 5. ஐந்து பேர் வீட்டில் குளியலும் துவையலும் மட்டும் 375 லிட்டர் வரும். ஆனால் நம் ஊரில் வாளியில் மொண்டு குளிக்கும் வீட்டில் குளியலுக்கு 55 எங்கே ஆகிறது? உங்கள் வீட்டு வாளியை அளந்து, பாடநூல் எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் எண்ணையும் எழுதுங்கள். மண்ணுக்கும் இதே வழிதான். ஓரடிக் குழி தோண்டி, நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். மலையடி மனைகளில் சீக்கிரமே பாறை தட்டும். அங்கே ஆழக் குழி வேண்டாம். அகலமான, மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல்) நிறைந்த பாத்தி போதும்.

எழுத்துத் தாளைப் பற்றி நான் சொல்வதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு படியுங்கள், வயிற்றெரிச்சலில் பேசுகிறேன். பெர்மாகல்ச்சரின் மூன்று அறங்களில் ஒன்றான பூமியைப் பேணுதலுக்கு உள்ளூர் எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதையும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பையும் எழுதினேன். கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. இதைவிட உள்ளூரான எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? மதிப்பெண் கிடைக்கவில்லை. விடைக்குறிப்பில் மண்புழு உரம் இருந்ததாம். ஆகவே எழுத்துத் தாளுக்கு மட்டும் அடக்கமாக எழுதுங்கள்: மூன்று அறங்கள், ஹோம்கிரெனின் பன்னிரண்டு கொள்கைகள் வரிசை மாறாமல், பெர்மாகல்ச்சரைத் தொடங்கிய மோலிசனும் ஹோம்கிரெனும் 1978இல் முதல் நூலை வெளியிட்டார்கள் என்ற ஒரு வரி. போதும்.

நேர்முகத்தில் எங்கள் தொகுதிக்கு வந்த கேள்விகள் சில:

- சாம்பல் நீரைத் தேக்கி வைக்கலாமா? 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது, நாறும். தொட்டியில் சேர்ப்பதாக வரைந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.
- கீரைக்கு? பச்சையாகத் தின்னும் எதற்கும் வேண்டாம். மரங்களுக்கு, அதுவும் மூடாக்குக்கு அடியில்.
- சமையலறைத் தண்ணீர்? எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லாமல் சேர்க்காதீர்கள்.
- போர்வெல் தண்ணீர் கடினமானது, அதில் கால்சியம் இருக்கிறது, அப்படியென்றால் சோப்பின் சோடியம் மண்ணுக்குத் தீங்கு செய்யாதே? நல்ல கேள்வி. கால்சியம் ஓரளவு ஈடுகட்டும். ஆனால் மொத்த உப்பு குறையாது. கடின நீரில் நுரை வராததால் சோப்பும் கூடுதலாகச் செலவாகிறது. தோல் தொழிற்சாலைகள் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை மனை என்றால் நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கடைசிக் கேள்வியை ஒட்டி, "உங்கள் வீட்டில் என்ன சோப்பு?" என்று தேர்வாளர் என்னைக் கேட்டார். அத்தை சோப்புத் தூளைத் தவிர வேறெதையும் தொட மாட்டார், பூந்திக்கொட்டை வாங்கி வைத்தது அப்படியே கிடக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். அதனால்தான் இரண்டு குழாய்: துவையல் தண்ணீர் உப்பைத் தாங்கும் தென்னைக்கு, குளியல் தண்ணீர் வாழைக்கு. வாழைக்கு உப்பு ஆகாது, இலை ஓரம் கருகிவிடும். ஆனாலும் எல்லோரும் துவையல் தண்ணீரை வாழை வட்டத்துக்கே விடுகிறார்கள். "அத்தையை மாற்றச் சொல்லாமல் குழாயை மாற்றியிருக்கிறீர்கள்" என்று சிரித்தார். மனிதரைப் பேணுதல் என்ற அறத்துக்கு அங்கேயே மதிப்பெண் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பாதி நேரம் பூமித்தாய் பற்றிய பேச்சிலேயே போய்விடுகிறது. உங்களுக்கு அது பிடிக்குமென்றால் போங்கள், ஆனால் வரைபடத்தைத் தனியாக உட்கார்ந்து போடுங்கள். 1:100 அளவு, வடக்கு அம்பு, குழாய்களுக்கு ஒரு நிறம், மழைநீருக்கு வேறு நிறம். மை காயாத பேனாவை எடுத்துப் போகாதீர்கள். பங்குனி வெயிலில் உள்ளங்கை வியர்த்து என் தாளின் கிழக்கு மூலை முழுக்கக் கறை.