வெடிவைப்புப் பாடம்: பர்டனில் தொடங்குங்கள்

நிபோங் தெபாலில் இருக்கும் யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் கனிமவளப் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொரு பருவத்திலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அக்கா, துளையிடுதல், வெடிவைத்தல் பாடத்துல இவ்வளவு சொல் இருக்கே, எப்படி மனப்பாடம் பண்றது?" நானும் அங்கே படித்தவள்தான். மனப்பாடம் வேண்டாம் என்பதுதான் என் பதில். வீட்டில் தமிழ், குவாரியில் மலாய், வினாத்தாளில் ஆங்கிலம் என்று இருக்கும் நமக்கு, அகர வரிசைப் பட்டியல் இரண்டு நாளில் மறந்துபோகும். சொற்களுக்கு இடையில் இருக்கும் கணக்கு மறக்காது.

ஒரு வெள்ளைத்தாளில் குவாரிப் பெஞ்ச் (படிபோல வெட்டிய பாறைத்தளம்) ஒன்றின் பக்கவாட்டுத் தோற்றத்தை வரையுங்கள். மேலே சமதளம், முன்னால் செங்குத்தான திறந்த முகம், கீழே தரை. முகத்துக்குப் பின்னால் ஒரு துளை. துளைக்கும் திறந்த முகத்துக்கும் உள்ள மிகக் குறைந்த தூரம்தான் பர்டன். முதலில் இதை மட்டும் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் இருக்கிறது. துளைக்குள் போட்ட வெடிமருந்து வெடித்ததும் அதிர்ச்சி அலை பாறை வழியே ஓடித் திறந்த முகத்தில் மோதி, இழுவிசை அலையாகத் திரும்புகிறது. பாறை அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கருங்கல்லின் இழுவலிமை அதன் அமுக்க வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இப்படி விழுந்த விரிசல்களுக்குள் வாயு புகுந்து கல்லை முன்னே தள்ளுகிறது. பர்டன் அதிகமானால் கல் நகராது, ஆற்றல் பின்பக்கமும் தரையதிர்வாகவும் போகும். குறைந்தால் கல் பறக்கும், காற்றதிர்வும் கூடும். பறகல், பின்னுடைவு (துளைகளுக்குப் பின்னால் பாறை உடைவது), டோ (அடியில் உடையாமல் நிற்கும் கல்), போல்டர் (அளவுக்கு மீறிய பெரிய கல்) என்று விளைவுகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு பத்தியே விடை.

அடுத்து, ஒரு முழுக் கணக்கைக் கையால் போடுங்கள். துளை விட்டம் 89 மி.மீ., பெஞ்ச் உயரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பர்டன் பொதுவாக விட்டத்தைப் போல 25 முதல் 40 மடங்கு. 30 என்று எடுத்தால் 2.7 மீட்டர். ஒரே வரிசையில் துளைக்குத் துளை உள்ள தூரமான ஸ்பேசிங் அதில் 1.2 மடங்கு, அதாவது 3.2 மீட்டர். தரை மட்டத்தில் கல் மேடாக நின்றுவிடாமல் இருக்கக் கூடுதலாகத் துளைக்கும் சப்டிரில், பர்டனில் 0.3 பங்கு, 0.8 மீட்டர். ஆகத் துளை ஆழம் 10.8 மீட்டர். மேலே ஜல்லிப்பொடி அடைக்கும் ஸ்டெம்மிங்கைப் பர்டன் அளவுக்கே 2.7 மீட்டர் என்று வைத்தால், மருந்துக்கு மிச்சம் 8.1 மீட்டர். 0.85 அடர்த்தியுள்ள ஆன்ஃபோ (அம்மோனியம் நைட்ரேட்டும் எரிபொருள் எண்ணெயும் கலந்த மருந்து) ஒரு மீட்டர் துளையில் 5.3 கிலோ பிடிக்கும், ஆகத் துளைக்குச் சுமார் 43 கிலோ. உடைபடும் கல் 2.7 × 3.2 × 10, அதாவது 86.4 கன மீட்டர். கல்லை உடைக்கச் செலவாகும் மருந்தின் அளவான பவுடர் ஃபேக்டர் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.5 கிலோ.

கன அளவில் 10.8 போடவில்லை, 10தான் போட்டோம். தேர்வில் மதிப்பெண் அதிகம் போகும் இடம் இதுதான். சப்டிரில் மருந்தைக் கூட்டும், கல்லின் கணக்கைக் கூட்டாது. இந்தக் கணக்கை 76 மி.மீ.க்கும் 115 மி.மீ.க்கும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஏழெட்டுச் சொற்கள் தானாகப் பதிந்துவிடும்.

துளை அமைப்பில் சதுர முறை, தள்ளுமுறை என்று இரண்டு வரும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி மாதிரி, அவ்வளவுதான். துளையிடும் இயந்திரங்களில் டாப் ஹேமர், டி.டி.எச். (டவுன் தி ஹோல்) இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். முதலாவதில் சுத்தியல் மேலே இருப்பதால் கம்பி நீள நீள ஆற்றல் இணைப்புகளில் வீணாகும். இரண்டாவதில் சுத்தியலே பிட்டோடு (துளைக்கும் முனையோடு) கீழே இறங்கும், துளையும் நேராகப் போகும்.

மருந்து வகைகளைப் படிக்கும்போது நம்மூர் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆன்ஃபோவுக்குத் தண்ணீர் ஆகாது. துளையில் நீர் நின்றால், நீரைத் தாங்கும் எமல்ஷன் மருந்துதான். அடர்த்தி, நீர் எதிர்ப்பு, வெடிப்பு வேகம் மூன்றையும் இரண்டு மருந்துகளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள், ஒப்பிடச் சொல்லும் கேள்விக்கு உதவும்.

நல்ல மாணவர்களும் தடுமாறும் பகுதி டிலே, அதாவது துளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் வெடிக்க வைப்பது. துளையிட்ட பர்டன் வேறு, வெடிக்கும் நேரத்துப் பர்டன் வேறு. 3 மீட்டருக்கு 3 மீட்டர் சதுரமாகத் துளைத்துவிட்டு, வி வடிவ வரிசையில் வெடித்தால் கல் 45 பாகையில் நகரும். அப்போது பர்டன் 2.1 மீட்டராகக் குறையும், ஸ்பேசிங் 4.2 மீட்டராகக் கூடும். தாளில் புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெடிக்கும் மில்லிசெகண்டை எழுதி, ஒரே நேரம் வரும் புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். கண்ணுக்கே தெரிந்துவிடும். இதை வரையாமல் படித்துப் புரிந்துகொண்டவர்களை நான் பார்த்ததில்லை.

தரையதிர்வுக் கணக்கும் இங்கேதான் வந்து சேர்கிறது. அதிர்வைத் தீர்மானிப்பது ஒரு டிலேக்கு வெடிக்கும் மருந்து, மொத்த மருந்து அல்ல. 8 மில்லிசெகண்டுக்குள் வெடிப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். வீடு 300 மீட்டரில், மருந்து 43 கிலோ என்றால், தூரத்தை மருந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஸ்கேல்டு டிஸ்டன்ஸ் 46 வரும். இரண்டு துளை சேர்ந்து வெடித்தால் 32. எண் குறைந்தால் அதிர்வு கூடும். பினாங்குத் தீவு போல மலையடிவாரம் வரை வீடுகள் வந்துவிட்ட ஊரில் இது வெறும் தேர்வுக் கணக்கு இல்லை, யாரோ ஒருவர் வீட்டுச் சுவர்.

வாய்மொழித் தேர்வில் மிஸ்ஃபயர் பற்றிக் கேட்க வாய்ப்பு அதிகம். வெடிக்காமல் நின்ற மருந்து என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். விதிப்படியான காத்திருப்பு நேரம் முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது, முதலில் பார்வையிடும் உரிமை வெடிவைப்பாளருக்கு மட்டுமே, அடையாளமிட்டுப் பதிவு செய்ய வேண்டும், மருந்தைக் கையால் பிடுங்கக்கூடாது என்று வரிசையாகச் சொல்லுங்கள். பழைய துளையின் மிச்சக் குழிக்குள் மறுபடி துளைக்கக்கூடாது என்பதையும் சேருங்கள். அடியில் வெடிக்காத மருந்து ஒட்டியிருக்கலாம், டிரில் பிட் பட்டால் வெடித்துவிடும். கேட்பவர் அடுத்த கேள்வியாக "ஏன்?" என்பார், அந்தக் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.