பூனைக்குச் சிறுநீர்ப்பைக் கல்: கிளினிக்ஸ் வைவாவில் எங்கே மடக்குவார்கள்?

"பூனை அடிக்கடி மண் தட்டுல போய் உக்காருது, சொட்டுச் சொட்டா ரத்தம் வருது" என்று வைவாவில் (கால்நடை மருத்துவ மாணவர்களுக்கான வாய்மொழித் தேர்வு) கேஸ் கொடுப்பார்கள். உடனே கல்லைப் பற்றி ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். ஆண் பூனையில் சிறுநீர்ப்பை கிண்ணென்று உப்பியிருந்தால் அது அடைப்பு, அவசர கேஸ். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஈசிஜியில் பி அலை மறைந்து டி அலை கூராக நின்றால், 10 சதவீத கால்சியம் குளுகோனேட்டைக் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.லி. அளவில், 5-10 நிமிடம் எடுத்து சிரையில் (ரத்தக்குழாயில்) மெதுவாக ஏற்ற வேண்டும். இதனால் பொட்டாசியம் குறையுமா என்பது அடுத்த கேள்வி. குறையாது, இதயத்தைக் காக்கும். குறைக்க வேண்டுமானால் சலைன், டெக்ஸ்ட்ரோஸோடு இன்சுலின், முக்கியமாக அடைப்பை எடுப்பது.

அடைப்பு இல்லையா, எக்ஸ்-ரே. மூத்திரக்குழாய் முழுவதும் படத்தில் விழ வேண்டும். கல் வகைகளில் ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்சலேட் இரண்டும் வெள்ளையாகத் தெரியும். யூரேட் பெரும்பாலும் தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட், பை நிறைந்திருக்கும்போது.

சிறுநீரில் படிகம் தெரிந்தால் கல் என்று எழுதிவிடாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்த சாம்பிளில் படிகம் தானாகவே உருவாகும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பாருங்கள்.

நாயைப் படித்துவிட்டுப் பூனைக்குப் பதில் சொல்பவர்கள் விழும் இடம் ஸ்ட்ரூவைட். நாயில் பெரும்பாலும் கிருமித்தொற்றால் வருகிறது. பூனையில் பெரும்பாலும் தொற்றே இருக்காது. அதனால் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பார்க்காமல் ஆன்டிபயாட்டிக் சொன்னால் மார்க் போச்சு. கத்தியும் வேண்டாம்: அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் 2016 பரிந்துரை, உணவாலேயே கரைக்கச் சொல்கிறது. கரைக்கும் உணவு மட்டும்தான், ஈர வகை நல்லது; ஒரு துண்டு கருவாடுகூடக் கூடாது. 2 முதல் 4 வாரத்தில் மறுபடி எக்ஸ்-ரே. கல் சிறுக்கவில்லையென்றால் ஒன்று அது ஸ்ட்ரூவைட் இல்லை, அல்லது பூனை பக்கத்து வீட்டுத் தட்டிலும் வாய் வைக்கிறது.

ஆக்சலேட் கரையாது. ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பெண் பூனையில் சிறு கற்களை, மயக்கத்தில் பையை நிறைத்து, நிமிர்த்திப் பிடித்து, அழுத்தி வெளியேற்றலாம். மற்றவற்றுக்கு சிஸ்டாட்டமி, அதாவது பையைத் திறந்து கல்லை எடுக்கும் அறுவை: கதீட்டர் (மெல்லிய ட்யூப்) வழியே மூத்திரக்குழாயை இரு திசையிலும் கழுவி, தைத்து மூடியபின் கட்டாயம் ஒரு எக்ஸ்-ரே. விட்டுப்போன கல் அப்போதுதான் தெரியும்.

எடுத்த கல்லை ஃபார்மலினில் (திசுக்களைப் பதப்படுத்தும் திரவம்) போடக் கூடாது. ஸ்ட்ரூவைட் அதில் நியூபெரைட் என்ற வேறு கனிமமாக மாறிவிடும். ஆய்வு முடிவே தப்பாகிவிடும். உலர்ந்த டப்பாவில் அனுப்புங்கள்.