நிச்சயதார்த்த மோதிரம்: வைரத்துக்கு எந்த நிறம் போதும்?

வைரத்தில் சாயல், பெரும்பாலும் மஞ்சள், எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும் நிற எழுத்தைக் கொடுக்கும்போது கல்லைக் குப்புறக் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள். தட்டையான மேல்முகம் வெள்ளைத் தட்டில் படும்படி வைத்து, பகல் வெளிச்சத்துக்கு நிகரான விளக்கின் கீழ், கூம்பிய அடிப்பகுதி வழியாகப் பக்கவாட்டில் பார்ப்பார்கள். பக்கத்திலேயே நிறம் தெரிந்த மாதிரிக் கற்கள் வரிசையாக இருக்கும். அவற்றோடு ஒப்பிட்டு எழுத்தை முடிவு செய்வார்கள். நிமிர்த்தி வைத்தால் பட்டைகளின் மினுமினுப்பு நிறத்தை மறைத்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மோதிரத்தில் கல் நிமிர்ந்துதான் இருக்கப்போகிறது. சான்றிதழில் உள்ள எழுத்து, விரலில் யாரும் பார்க்காத கோணத்தில் கிடைத்த எழுத்து. பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது முதலில் நிறத்தில்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

எழுத்து வரிசை டி-யில் தொடங்கி இசட்டில் முடிகிறது, மொத்தம் 23 படிகள். வைரத்துக்குத் தரச் சான்றிதழ் தரும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ 1950-களில் இதைக் கொண்டுவந்தபோது, ஏ, பி, சி போன்ற எழுத்துகளை வியாபாரிகள் ஆளுக்கொரு அர்த்தத்தில் புழங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று டி-யில் ஆரம்பித்தார்கள். டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. கே, எல், எம் மூன்றிலும் மெல்லிய சாயல் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் ஓர் அகலமும் இருக்கிறது: எச்-சின் கடைசி ஓரத்தில் இருக்கும் கல்லுக்கும் ஐ-யின் முதல் ஓரத்தில் இருக்கும் கல்லுக்கும் மயிரிழைதான் வித்தியாசம், விலை மட்டும் ஒரு படி இறங்கிவிடும். டி-யையும் எஃப்-பையும் அருகருகே கவிழ்த்து வைத்தால் பழகிய கண்ணே சற்றுத் தயங்கும். இயற்கை வைரத்தில் பட்ஜெட் மோதிரத்துக்கு இந்த முதல் மூன்று எழுத்துகளின் பக்கம் போகவே வேண்டாம்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. வைரம் முழுக்கக் கார்பன். பூமிக்குள் உருவாகும்போது இடையிடையே நைட்ரஜன் அணுக்கள் புகுந்துவிடும். அவை நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்வதால் வெளியே வரும் ஒளியில் மஞ்சள் மிஞ்சுகிறது. ஒளி கல்லுக்குள் எவ்வளவு தூரம் பயணிக்கிறதோ அவ்வளவு நிறம் ஏறும். அதனால் ஒரே ஜே எழுத்து அரை கேரட்டில் (கேரட் என்பது இங்கே கல்லின் எடை அளவு) கண்ணுக்கே தட்டாது, 2 கேரட்டில் பக்கவாட்டில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். சிறிய கல் வாங்குபவர்கள் நிறத்தில் தாராளமாகக் கீழே இறங்கலாம்.

அடுத்தது வடிவம். இதைக் கணக்கில் எடுக்காமல் "எச் போதும், ஐ போதும்" என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரைகளால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வட்டமான பிரில்லியன்ட் கல் உள்ளே வரும் ஒளியை மேல்முகம் வழியாகவே திருப்பி அனுப்பும்படி வெட்டப்பட்டது. அந்த மினுமினுப்பில் நிறம் கரைந்துவிடும். செவ்வகமான எமரால்டு, சதுரமான ஆஷர் வடிவங்களில் படிக்கட்டு மாதிரி நீண்ட, அகலமான பட்டைகள். அவற்றில் மினுமினுப்பு குறைவு, கல்லின் உள்ளே ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் பார்க்கலாம், நிறம் ஒளிய இடமில்லை. நீள்வட்டமான ஓவல், நீர்த்துளி போன்ற பேர், இரு முனையும் கூர்ந்த மார்க்கீஸ் கற்களில் நடுப்பகுதி வெள்ளையாக இருந்தாலும் நுனிகளில் மஞ்சள் தேங்கி நிற்கும். சதுரமான பிரின்சஸ் கல்லில் மூலைகளில் அப்படி நிற்கும். மூலை வெட்டிய ரேடியன்ட், மூலை வளைந்த குஷன் இரண்டிலும் கூடுதல் எச்சரிக்கை தேவை: இயற்கையிலேயே ஆழ்ந்த மஞ்சளான அரிய வைரங்களைப் பெரும்பாலும் இந்த வடிவங்களில்தான் வெட்டுவார்கள், ஏனென்றால் ஒளியை உள்ளேயே பலமுறை திருப்பி நிறத்தைக் கூட்டிக் காட்டும். வெள்ளைக் கல் தேடுபவருக்கு அதே குணம் எதிராக வேலை செய்யும்.

பிளாட்டினம் அல்லது ஒயிட் கோல்டில் பதிக்கப்போகும் 1 கேரட் சுற்றிலான கல் என்றால் எங்கள் கணக்கு இது. வட்டத்துக்கு எச் அல்லது ஐ. ஓவல், பேர், மார்க்கீஸ், குஷன், ரேடியன்ட்டுக்கு ஜி அல்லது எச். எமரால்டு, ஆஷருக்கு ஜி. அரை கேரட் வட்டக் கல் என்றால் ஜே கூடத் தயங்காமல் எடுக்கலாம்.

மஞ்சள் தங்கத்தில் பதித்தால் கதையே மாறும். தங்கத்தின் நிறம் கல்லின் அடிப்பகுதி வழியாக உள்ளே போய் மேலே தெரியும். டி நிறக் கல்லைப் போட்டாலும் கொஞ்சம் மஞ்சள் வாங்கிக்கொள்ளும், அப்புறம் அந்த எழுத்துக்குக் கொடுத்த பணம் எதற்கு? வட்டக் கல்லில் ஜே, கே இரண்டும் மஞ்சள் தங்கத்தில் அழகாக உட்காரும். சுற்றியிருக்கும் உலோகம் கல்லைவிட மஞ்சளாக இருப்பதால் கண் கல்லை வெள்ளை என்றே எடுத்துக்கொள்கிறது. ரோஸ் கோல்டும் அப்படித்தான், மெல்லிய பழுப்புச் சாயல் உள்ள கல்லுக்குக்கூட அது பொருந்தும். வளையம் மஞ்சளாகவும், கல்லைப் பிடிக்கும் கம்பிகளும் அவை நிற்கும் கூடும் வெள்ளையாகவும் செய்யும் வேலைப்பாடும் உண்டு. அப்படிச் செய்யும்போது கல்லுக்குப் பின்னணி அந்த வெள்ளை உலோகம்தான் என்பதை மறந்து கே எடுத்தால் சாயல் எடுப்பாகத் தெரியும்.

ஒயிட் கோல்டு எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வெள்ளை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற உலோகத்தின் வெள்ளை. அடியில் இருக்கும் உலோகக் கலவையில் இலேசான மஞ்சள் உண்டு. தினமும் போட்டால் பூச்சு தேய்ந்து அந்த மஞ்சள் எட்டிப்பார்க்கும். கல் மங்கிவிட்டது என்று பலர் பதறுவது அப்போதுதான். மறுபடி ரோடியம் பூசினால் சரியாகிவிடும், கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பக்கத்தில் என்ன கல் இருக்கிறது என்பதும் எழுத்தளவுக்கு முக்கியம். நடுக்கல்லைச் சுற்றிப் பொடிக்கற்கள் பதிக்கும் ஹாலோ மோதிரத்தில், அந்தப் பொடிக்கற்கள் சின்னதாக இருப்பதாலேயே வெள்ளையாகத் தெரியும். நடுவில் ஜே வைத்தால், தனியாக இருந்தபோது வெள்ளையாகத் தெரிந்த அதே கல் பழுத்தாற்போல் ஆகிவிடும். மூன்று கல் மோதிரத்தில் பக்கக் கற்கள் நடுக்கல்லுக்கு ஒரு படிக்கு மேல் விலகக் கூடாது. குறைந்த பணத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பவருக்கு ஒற்றைக்கல் மோதிரம்தான் கைகொடுக்கும்: ஒப்பிட அருகில் எதுவும் இல்லை.

இனி, கல்லை நேரில் பார்க்கும் முறை. கடை விளக்குகள் வைரம் மின்னுவதற்காகவே பொருத்தப்பட்டவை, அவற்றின் கீழ் எம் கூட வெள்ளையாகத்தான் தெரியும். மோதிரத்தில் பதிக்காத தனிக்கல்லாகக் கேளுங்கள். நேரடி வெயில் விழாத ஜன்னல் ஓரத்துக்கோ சாதாரண வெள்ளை விளக்குக்கோ கொண்டுபோங்கள். மினுமினுப்பில்லாத வெள்ளை அட்டை ஒன்றை நடுவில் மடித்து, பள்ளம் போல வையுங்கள். அலுவலகத் தாள் வேண்டாம், அதில் வெளுப்பாகக் காட்ட நீலமாக ஒளிரும் பொருள் சேர்த்திருப்பார்கள். கல்லை நன்றாகத் துடைத்து, மேல்முகம் கீழே இருக்கும்படி அந்தப் பள்ளத்தில் கவிழ்த்து, பக்கவாட்டில் பாருங்கள். மினுமினுப்பு கண்ணைக் குழப்பினால் கல்லின்மேல் ஒரு தடவை வாயால் ஊதி ஆவி படியச் செய்யுங்கள். ஓரிரு நொடிதான், அதற்குள் பளபளப்பு அடங்கிக் கல்லின் உடல் நிறம் மட்டும் மெலிதாகத் தெரியும். ஆவி விலகுவதற்குள் பார்த்துவிட வேண்டும். வியாபாரிகள் நெடுநாளாகச் செய்துவருவது இது.

ஒரே ஒரு கல்லைப் பார்த்து நிறம் சொல்ல யாராலும் முடியாது. ஒரே வடிவத்தில், ஏறக்குறைய ஒரே எடையில் ஜி, ஐ, கே என ஒரு படி விட்டு ஒரு படியாக மூன்று கற்களை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். முதலில் கவிழ்த்துப் பாருங்கள், பிறகு நிமிர்த்துங்கள். கவிழ்த்தபோது தெரிந்த வித்தியாசம் நிமிர்ந்ததும் எங்கே மறைகிறது என்று கவனியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து, கையை நீட்டிப் பேசும் தூரத்தில் பாருங்கள். கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடும் எழுத்துக்கு ஒரு படி மேலே இருப்பதுதான் அவரவருக்கு ஏற்ற எழுத்து. சிலருக்கு அது ஜி, சிலருக்கு ஜே. கண் சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை வேறெங்காவது பார்வையைத் திருப்புங்கள். மஞ்சள் சுவரோ வண்ணச் சட்டையோ பக்கத்தில் இருந்தால் அந்த நிறத்தையும் கல் வாங்கிக் காட்டும்.

எழுத்து சொல்லாத இன்னொன்று சாயலின் வகை. ஜே வரை சான்றிதழில் எழுத்து மட்டும்தான் இருக்கும், மஞ்சளா பழுப்பா என்று தெரியாது. கே முதல் பழுப்பாக இருந்தால் ஜி.ஐ.ஏ எழுத்தோடு அதையும் எழுதும். எச், ஐ எழுத்தில் சந்தை விலையைவிட வெகுவாகக் குறைத்து ஒரு கல் வந்தால் பழுப்பு, பச்சை, பால் போன்ற கலங்கல் இவற்றில் ஏதாவது இருக்கும். படத்தை மட்டும் பார்த்து அதை வாங்காதீர்கள்.

ஒளிர்வு பற்றித் தேவைக்கு மேல் பயம் இருக்கிறது. சில வைரங்கள் புற ஊதாக் கதிரில் ஒளிரும், பெரும்பாலும் நீலமாக. அப்படிப்பட்ட கற்களுக்கு 'புளூ ஜாகர்' என்று காதில் விழும் பெயரின் வேர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெயின் சுரங்கம், நீலச் சாயல் வெள்ளைக் கற்களுக்குப் பெயர் போனதாக இருந்தது. நீலம் மஞ்சளை ஈடுகட்டும் என்பதால் ஐ, ஜே, கே கற்களுக்கு மிதமான அல்லது வலுவான நீல ஒளிர்வு பகல் வெளிச்சத்தில் நன்மையே செய்யலாம். 1997-ல் ஜி.ஐ.ஏ வெளியிட்ட ஆய்வில், வலுவான நீல ஒளிர்வுள்ள கற்கள் மேலிருந்து பார்க்கும்போது சற்று நல்ல நிறமாகவே தெரிந்தன. சாதாரணமாக நகை வாங்குபவர்களால் வித்தியாசத்தையே சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஒளிர்வு இருந்தால் விலையில் தள்ளுபடி கிடைக்கும். மிக வலுவான ஒளிர்வுள்ள சில கற்கள் மட்டும் வெயிலில் எண்ணெய் படிந்தாற்போல் மங்கும், அவற்றை வெளியே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எல்.இ.டி விளக்கில் புற ஊதா மிகக் குறைவு என்பதால் வீட்டுக்குள் அந்த உதவி கிடைக்காது, கல் தன் எழுத்துக்கு ஏற்பவே தெரியும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்குபவருக்கு இந்தக் கணக்கில் பாதி தேவையில்லை. அதில் நல்ல நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் விலை வித்தியாசம் சொற்பம், எஃப்-பே எடுத்துக்கொள்ளலாம். சாயலை மட்டும் பாருங்கள்: வாயுவிலிருந்து கார்பனைப் படியவைக்கும் சி.வி.டி முறையில் வளர்த்த கல்லில் பழுப்பும், அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் வளர்க்கும் எச்.பி.எச்.டி முறையில் வளர்த்ததில் நீலமும் எட்டிப்பார்ப்பதுண்டு.

நிறத்தில் மிச்சப்படுத்திய பணம் முதலில் கட்டிங் தரத்துக்குப் போக வேண்டும். நன்றாக வெட்டிய ஐ கல், மோசமாக வெட்டிய ஜி-யைவிட வெள்ளையாகத் தெரியும். வட்டக் கல்லில் கட்டிங் 'எக்ஸலன்ட்' என்று இருக்கட்டும். மேல்முகம் (டேபிள்) விட்டத்தில் 54 முதல் 58 சதவீதம், மேல்கோணம் (கிரவுன் ஆங்கிள்) 34 முதல் 35 டிகிரி, அடிக்கோணம் (பெவிலியன் ஆங்கிள்) 40.6 முதல் 41 டிகிரி, மொத்த ஆழம் விட்டத்தில் 60 முதல் 62.5 சதவீதம் என்ற எல்லைக்குள் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. எடையிலும் ஒரு வழி இருக்கிறது: முழு 1.00 கேரட்டுக்குக் கொஞ்சம் கீழே, 0.90 அருகில் தேடுங்கள். விட்டம் 6.5 மில்லிமீட்டரிலிருந்து 6.2 சுற்றிலாகக் குறையும், விலையோ ஒரு படியே இறங்கும்.

ஏற்கெனவே மோதிரத்தில் பதித்த கல்லை "ஜி–எச்" என்று எழுதி விற்றால் அது மதிப்பீடு மட்டுமே, உலோகத்தின் நிறம் குறுக்கே நிற்பதால் பதித்த கல்லுக்குத் துல்லியமாக எழுத்து சொல்ல முடியாது. எச் என்றே வைத்து விலை பேசுங்கள். தனிக்கல்லாக வாங்கினால், கல்லின் மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் சான்றிதழோடு ஒத்துப்பாருங்கள். அந்த எண் பிடிகம்பிக்கு அடியில் மறையாமல் பதிக்கும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மோதிரம் கைக்கு வந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். கிரீமும் சோப்பும் கல்லின் அடிப்பக்கத்தில் படிந்து படிந்துதான் நல்ல கல்லும் மங்கலாகிறது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் ஐ மறுபடி ஐ-யாகத் தெரியும்.