இடது இண்டிகேட்டரும் பச்சைக் களிம்பும்

போன மழைக்கு அப்புறம் எங்கள் பழைய காரில் இடது இண்டிகேட்டர் இரண்டு மடங்கு வேகத்தில் துடித்தது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பழைய வகை ரிலேவில் வேகம் கூடினால், அந்தப் பக்கம் மின்னோட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் பல்பு போயிருக்கும். புது பல்பு போட்டேன், மாறவில்லை.

ராத்திரி தம்பியைப் பின்னால் நிற்க வைத்து பிரேக்கை மிதித்தேன். "அண்ணே, இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுது" என்றான். எனக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. ஒரு விளக்கு போட்டால் இன்னொன்றும் எரிகிறது என்றால் முதலில் எர்த்தை, அதாவது மின்சாரம் வண்டியின் பாடிக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். பாடிக்குத் திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகப் புகுந்து போகும்.

டிக்கி ஓரத்து அட்டையைக் கழற்றினேன். கறுப்பு எர்த் வயர் சேரும் திருகைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, தொட்டால் உதிர்கிறது. தனி வயர் ஒன்றால் பல்பு ஹோல்டரின் எர்த் முனையைப் பெயிண்ட் இல்லாத போல்ட்டோடு இணைத்ததும் விளக்கு பளிச்சென்றது. சரி, நோய் இதுதான். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினேன்.

பின் விளக்கில் பல்பு மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட் என இரட்டை இழை உள்ள பல்பின் இரு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. திருப்பிப் போட்டு அழுத்தாதீர்கள்.

தண்ணீர் நுழைந்தது வெடித்த ரப்பர் வழியாக. அதையும் மாற்றியாச்சு.